பள்ளிக்கூடமும் பெரட்டுக்களமும்

மாத்தளை மாவட்டத்துப் பிரதேசச் செயலகப் பிரிவுகளுள் ஒன்று யட்டவத்த. சிங்கள மொழியில் இப்பெயர் கீழ்த்தோட்டம் எனப் பொருள்படும். மாத்தளைப் பகுதியின் அமைப்பை இப்பெயரே ஒருவாறு காட்டி நிற்கின்றது. தாழ்விலே வயலும் கிராமமும் அமைந்தன. சரிவுகளிலே முதலிற் கோப்பியும், பின்னர்த் தேயிலை, இறப்பர், கொக்கோ என்பனவும் பயிராகிய பெருந்தோட்டங்கள் எழுந்தன. கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மழையில் நனைந்தனர். ஒரே அரசாங்கத்தின் ஆட்சியில் வளர்ந்தனர். ஆயினும் இவ்விருவரின் கல்விக்கும் தொழிலுக்கும் அரசாங்கம் வகுத்த வழி ஒன்றாக இருக்கவில்லை. அந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நெடுங்காலம் நிலைத்தது என்பதை ஆராய்வது, திட்டமிடல் என்பதன் உண்மைப் பொருளை அறிவதற்கு உதவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிச் செய்கை மலைநாட்டிற் பரவியபொழுது, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைவதே அவர்களது பாதை. மலைநாட்டின் வாயிலாக அக்காலத்தில் மாத்தளை விளங்கிற்று. வழியிலே நீரின்மையாலும் கொள்ளைநோயாலும் மாண்டவர் பலர். எஞ்சியோர் தோட்டத்தை அடையும்போது கையிற் பணம் இருக்கவில்லை. தலையிற் கடன் இருந்தது. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. அக்கடனைக் குறித்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்புபவன், துண்டிற் கண்ட கடன் தீர்ந்தாலன்றிச் செல்ல இயலாது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தால், அது புதிய கணக்கில் ஏறும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை.

1865ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேதான் தீவின் கல்வி நிலையை ஆராய்வதற்கு மோர்கன் குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் விதப்புரைகளின் பயனாக 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. அதே 1865இற் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும் நிறைவேறியது. வேலையை விட்டு அகலும் தொழிலாளியைச் சிறையிலிட அச்சட்டம் இடமளித்தது. ஒரு கையால் அரசாங்கம் பள்ளிக்கு அடிக்கல் நாட்டியது. மறு கையால் ஒப்பந்தம் மீறுவதைக் குற்றமாக்கியது. இவ்விரண்டு செயல்களும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. தோட்டத்துப் பிள்ளை கல்வித் திணைக்களத்தின் கண்ணிற்கு நெடுங்காலம் தோட்டத்தின் பொறுப்பாகவே பட்டது.

அப்பொறுப்பு சட்டத்தின் வடிவம் பெற்றது 1907ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளித்தல் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. அதற்கென இடம் ஒதுக்கிப் பேணுதலும் அவர் கடமையாயிற்று. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் இக்கடமையை நிலைநிறுத்தியது. ஏட்டளவில் இது ஒரு முன்னேற்றமே. ஆயின் சட்டத்தின் உள்ளே ஒரு முரண்பாடு மறைந்து கிடந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவர் யாரோ, அவரே பிள்ளையின் உழைப்பினாற் பயனடைபவர். புல் பிடுங்கவும் கொழுந்து பறிக்கவும் சிறு விரல்கள் தோட்டத்திற்குத் தேவைப்பட்டன. பெற்றோருக்கும் பிள்ளையின் சில சதங்கள் அரிசிக் கணக்கைக் குறைக்க உதவின. இந்நிலையில் ஓராசிரியரும் ஓர் அறையுமாக இயங்கிய தோட்டப் பள்ளி, எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு அப்பாற் செல்லாதது வியப்பன்று.

தொழில் நிலையிலோ மாற்றங்கள் ஒவ்வொன்றாக வரத்தொடங்கின. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தன் மக்கள் பிற நாடுகளில் நடத்தப்படும் விதத்தையிட்டு இந்தியாவில் எழுந்த கண்டனமும், அவ்வரசாங்கம் 1922இல் இயற்றிய குடிபெயர்வுச் சட்டமும் இலங்கை அரசாங்கத்தை அசைத்தன. 1923இல் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் கட்டளைச் சட்டமும், 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. பத்து வயதிற்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை 1927ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1929 முதல் நடைமுறைக்கு வந்த வேதன விகிதப்படி, உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டிலும் தாழ்நாட்டிலும் தொகை சற்றுக் குறைவு.

இவ்வெண்களைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். பள்ளிக்கூடச் சட்டம் பத்து வயதோடு நின்றது. தொழிற்சட்டம் பத்து வயதில் வாயிலைத் திறந்தது. முதலாவது வாயில் மூடும் நாளிலேயே இரண்டாவது வாயில் திறந்தது. மூன்றாவதாகப் பெண்ணின் உழைப்புக்கும் பிள்ளையின் உழைப்புக்கும் ஆணின் உழைப்பினும் குறைந்த விலை என்பதும் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டது. கல்வி, தொழில், நியாயமான வேலைத்தலம் ஆகிய மூன்றையும் இணைத்து யாரும் ஒரு திட்டம் வகுக்கவில்லை. ஆயினும் மூன்று சட்டங்களும் தம்முட் சேர்ந்து ஒரு திட்டம் போலவே இயங்கின. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே வளர்வதற்கு அது போதுமாயிருந்தது.

1931இற் சருவசன வாக்குரிமை வந்தது. கல்விப் பொறுப்பை ஏற்ற சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, பல எதிர்ப்புகளைக் கடந்து, 1945இற் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியை நாட்டுக்கு ஈந்தார். கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழை உழவனின் மகன் வைத்தியனாகவும் பொறியியலாளனாகவும் வரலாம் என்ற நம்பிக்கை முதன்முதலாகக் கிராமத்தில் வேரூன்றியது. அந்நம்பிக்கை மலைச்சரிவின் மேலே லயங்கள் இருந்த பக்கம் ஏறவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசாங்கக் கல்வி முறையுட் கொணர 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முயன்றது. நடைமுறையில் மிகப் பெரும்பாலானவை தோட்ட நிருவாகத்தின் கையிலேயே நிலைத்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. கட்டணமில்லாத கல்வி இருந்தது. ஐந்தாம் வகுப்பிற்கு மேற் செல்லும் பாதை இல்லை.

வேலைத்தலத்தின் நியாயம், இதனோடு ஒப்பிடின், விரைவாகவே வளர்ந்தது எனலாம். தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் 1935இற் கிடைத்தது. மகப்பேற்று நன்மைகள் 1939இலும், சம்பளச் சபைகள் 1941இலும் சட்டமாயின. இவை மேலிருந்து தாமாக இறங்கி வந்த கொடைகளல்ல. கோ. நடேசையர் 1931இல் அட்டனில் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும், 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசும் தொழிலாளரை ஒன்றுதிரட்டின. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். வேலைத்தலத்தில் நியாயம் என்ற சொல்லுக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை அது.

பின்னர், 1956இல் இயற்றப்பட்ட பெண்கள், இளைஞர், பிள்ளைகள் வேலை பற்றிய சட்டம், வேலைக்கமர்த்தும் வயதெல்லையைப் பதினான்காக நிறுத்தியது. 1958இல் ஊழியர் சேமலாப நிதி உருவாகியது. ஆயினும் ஒரு பேருண்மையை இச்சட்டங்களால் மறைக்க இயலவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். பிரசாவுரிமையற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. ஆதலின், தடைகளைத் தாண்டிப் படித்த ஒரு சிலருக்கும் படிப்பின் பயன் எட்டவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேறும் நாளை எதிர்நோக்கியிருக்கும் குடும்பம் பிள்ளையின் மேற்படிப்பைப் பற்றி எவ்வாறு எண்ணும்?

கல்வியையும் தொழிலையும் ஒருசேர வைத்து நாடு ஆராய்ந்தது 1971இலாகும். பொருளியலறிஞர் டட்லி சீர்சின் தலைமையிற் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று அவ்வாண்டு இலங்கை வந்தது. ஏப்பிரிலிற் படித்த கிராமத்து இளைஞரின் கிளர்ச்சி வெடித்தது. கல்வி வளர்த்த எதிர்பார்ப்புகளுக்கும் பொருளாதாரம் அளிக்கும் தொழில்களுக்கும் இடையே பெரும் பொருத்தமின்மை உண்டு என்பதே அக்குழுவின் அறிக்கையின் மையக் கருத்து. எழுதுமேசையை நோக்கியே கல்வி வழிநடத்தியது. எழுதுமேசைகளோ சிலவே இருந்தன.

இக்கண்ணோட்டத்தில் யட்டவத்த போன்ற ஒரு பகுதியை நோக்குமிடத்து, தாழ்விலும் சரிவிலும் இருவேறு துயரங்கள் தெரிகின்றன. கிராமத்து இளைஞனுக்குப் படிப்பு உண்டு, தொழில் இல்லை. தோட்டத்து இளைஞனுக்குத் தொழில் உண்டு; படிப்பு இல்லை. ஒருவனுக்குத் தோட்டத்து வேலை இழிவாகத் தோன்றியது. மற்றவனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இரு துயரங்களின் வேரும் ஒன்றே. பள்ளிக்கும் தொழிலுக்கும் இடையே பாலம் அமைக்கப்படவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசாங்கத்தின் உடைமையாக்கின. 1977 முதற் கட்டங்கட்டமாகத் தோட்டப் பள்ளிகளையும் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1907இல் துரையிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளி, எழுபது ஆண்டுகளின் பின் அவரது கையை விட்டு நீங்கியது. சுவீடன் நாட்டின் உதவியோடு 1986இல் தொடங்கிய தோட்டப் பாடசாலைகள் அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் வழங்கிற்று. இம்மாற்றத்தின் முதற் பயன், தோட்டத்திலிருந்தே ஆசிரியர்கள் எழுந்ததாகும். லயத்திற் பிறந்த ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு, பெரட்டுக்களத்துக்கு அப்பாலும் வழி உண்டு என்பதை வேறு எவரும் போதிக்கவேண்டியதில்லை. இக்காலத்திலேயே, 1984இல், தொழிற்சங்கங்களின் கூட்டு வேலைநிறுத்தத்தின் விளைவாக, தோட்டத்துப் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்கு ஈடாக்கப்பட்டது. 1929இல் எழுதப்பட்ட வேற்றுமை நீங்க 55 ஆண்டுகள் சென்றன.

நாடற்றோர் நிலைமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுற்றது. 5 முதல் 14 வயது வரை பாடசாலை செல்லுதல் கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வெல்லை 2016இற் பதினாறாக உயர்ந்தது. வேலைக்கமர்த்தும் வயதெல்லையும் 2021இற் பதினாறாக உயர்த்தப்பட்டது. பள்ளியின் வாயிலும் தொழிலின் வாயிலும் மீண்டும் ஒரே வயதிற் சந்திக்கின்றன. அன்று பத்து, இன்று பதினாறு. அந்த ஆறு ஆண்டுகளை ஈட்டுவதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஆயினும் வயதெல்லை மட்டும் வாழ்வை அமைத்துவிடாது. பதினாறு வயதில் வெளியே வரும் பிள்ளைக்கு எத்தகைய தொழில் காத்திருக்கின்றது, அங்கே கூலியும் மதிப்பும் எவ்வாறு என்பனவும் அத்திட்டத்தின் பகுதிகளே. மாத்தளை மண் மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் விளையும் மண். ஏற்றுமதிப் பயிர்களுக்கான அரசாங்க ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. பயிரைப் பற்றிய அறிவு ஒருபுறமும் அப்பயிரிடையே வளரும் பிள்ளைகள் மறுபுறமும் இருக்க, இரண்டையும் இணைக்கும் தொழிற்கல்வி இடையில் அமையவேண்டும். கல்வியை ஒரு திணைக்களமும், தொழிலை மற்றொன்றும், கூலியை வேறொரு சபையும் தனித்தனியே எண்ணியிருந்த காலத்தின் விளைவை யட்டவத்தயின் தாழ்வும் சரிவும் நெடுநாட் சுமந்தன. இனி வகுக்கப்படும் எந்தத் திட்டத்தையும் அளப்பதற்கு அந்த வரலாறு ஓர் எளிய அளவுகோலைத் தந்துள்ளது: பள்ளியை விட்டு வரும் பிள்ளை, தான் செய்யப்போகும் தொழிலைத் தானே தெரிந்தெடுக்க வல்லதாயிற்றா என்பதே அது.