ஓய்வில்லாப் பண்ணையின் பீர்

"இது ஆயிரம் வருஷத்துப் பீர்ண்ணே, தண்ணி மாதிரி மடக்குன்னு குடிச்சிடாதீங்க" என்றான் நண்பன். ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு பழைய மதுக்கடை. முன்னால் வெஸ்ட்மாலெ டுப்பெல் புட்டி ஒன்று, பக்கத்தில் கால் வைத்த அகலக் கிண்ணம். புட்டியைச் சாய்த்து நிதானமாக ஊற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை ஒரு விரற்கடை விட்டுவைத்தான். செம்பழுப்பு நிறம், மேலே வெண்ணெய் நிறத்தில் கெட்டி நுரை.

முதலில் மூக்குக்கு வந்தது கனிந்த வாழைப்பழ வாசம். அதன் பின்னால் மெல்லிய கிராம்பு. வாயில் வைத்ததும் உலர் திராட்சை, அத்திப்பழம், கொஞ்சம் கொக்கோ, கருகும் முன் இறக்கிய சர்க்கரைப் பாகு. நம் நாக்குக்குக் கருப்பட்டிதான் சட்டென்று ஞாபகம் வரும். ஆனால் விழுங்கிய பிறகு வாயில் பிசுபிசுப்பு இல்லை. இனிப்பு காட்டிவிட்டு வறட்சியாக முடிகிறது. 7 சதவீத ஆல்கஹால் இருப்பது அரைக் கிண்ணம் போன பிறகுதான் காதோரச் சூட்டில் தெரிகிறது.

நல்ல பீர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் வருடம்? அது மட்டும் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

புட்டிக்குப் பின்னால் ஒரு மடம் இருக்கிறது. அங்கே வெள்ளை அங்கியும் கறுப்பு மேலாடையும் அணிந்த துறவிகள் இருக்கிறார்கள். அவர்கள் பின்பற்றும் புனித பெனடிக்டின் விதிநூல் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் கிண்ணத்தில் இருப்பதும் அதே வயசு என்று தோன்றும். வரலாறு அப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. இந்தப் பீரின் ஒவ்வொரு சுவைக்கும் தனித்தனிப் பிறந்த தேதி உண்டு.

கதை ஒரு ஓட்டத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சி துறவி சபைகளைக் கலைத்தபோது, லா ட்ராப் மடத்துத் துறவிகள் சிலர் 1791ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். 'ட்ராப்பிஸ்ட்' என்ற பெயரே அந்த லா ட்ராப்பிலிருந்து வந்ததுதான். அங்கிருந்து ஒரு சிறு குழு கனடாவில் மடம் கட்டப் புறப்பட்டது. வழியில் ஆண்ட்வெர்ப் ஆயர் அவர்களை இங்கேயே தங்கச் சொல்ல, 1794 ஜூன் மாதம் வெஸ்ட்மாலெவில் ஒரு பண்ணையில் குடியேறினார்கள். பண்ணையின் பெயர் 'நோய்ட் ருஸ்ட்'. ஓய்வே இல்லை என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. சில வாரங்களில் பிரெஞ்சுப் படை வர, மறுபடியும் ஓட்டம். திரும்பி வந்தது 1802ல்.

1836ல் அது முழு மடமாக உயர்ந்தது. முதல் மடாதிபதி மார்ட்டினுஸ் டோம். பெனடிக்டின் விதி சாப்பாட்டோடு அளவான மதுவை அனுமதிக்கிறது. அவர் இத்தாலியில் இருந்து எழுதியவர், எனவே அவர் சொன்னது திராட்சை மது. ஆண்ட்வெர்ப் பக்கத்தில் திராட்சை ஏது? ஊர்க்காரர்கள் குடிப்பது பீர். அதையே துறவிகளும் குடிக்கலாம் என்று ஆனது. 1836 டிசம்பர் 10ஆம் தேதி மதியச் சாப்பாட்டில் மடத்தின் சொந்தப் பீர் முதல் தடவை பரிமாறப்பட்டது. அது லேசான, சற்றே இனிப்பான பீர். இன்று நாம் குடிக்கும் டுப்பெல்லோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இன்னும் வீரியமான பழுப்புப் பீரை அவர்கள் காய்ச்சத் தொடங்கியது 1856ல். 'டுப்பெல்' என்றால் இரட்டை. சாதாரணப் பீரைவிடக் கெட்டி என்பதுதான் அர்த்தம், சரியாக இரண்டு மடங்கு என்று கணக்குப் போட வேண்டாம். 1861 முதல் மடத்து வாசலில் கொஞ்சம் விற்பனையும் நடந்தது. ஆனால் இன்றைய டுப்பெல் 1926ல் மாற்றியமைக்கப்பட்ட செய்முறையிலிருந்து வந்தது. கணக்குப் பார்த்தால் என் கிண்ணத்தில் இருந்ததற்கு வயசு நூறு.

1926க்கு ஏன் இத்தனை வீரியம் தேவைப்பட்டது? அதற்குப் பதில் மடத்தில் இல்லை, நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 1919ல் பெல்ஜியத்தில் வான்டர்வெல்ட சட்டம் வந்தது. சோஷலிஸ்ட் அமைச்சர் எமில் வான்டர்வெல்ட, சாராயம் தொழிலாளர் குடும்பங்களை அழிக்கிறது என்று கண்டவர். அவர் சட்டப்படி மதுக்கடைகளில் ஜின் போன்ற சாராய வகைகளைப் பரிமாறக் கூடாது. கடையில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். அன்றாடம் கூலி வாங்குகிறவன் அதற்கு எங்கே போவான்? 1980கள் வரை நீடித்த இந்தச் சட்டம் வீரியமான பீர்களுக்குப் பெரிய இடத்தைத் திறந்துவிட்டது. அந்த வரிசையில்தான் 1926ன் டுப்பெல்லும், வெஸ்ட்மாலெ 1934ல் கொண்டுவந்த 9.5 சதவீத ட்ரிப்பெல்லும் வருகின்றன. குடியைக் குறைக்க வந்த சட்டம் பீரைக் கெட்டியாக்கியது.

அந்தக் கருப்பட்டி வாசனைக்கு வருவோம். நிறத்தைப் பார்த்தால் தானியத்தை நன்றாகக் கருக வறுத்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. டுப்பெல்லின் நிறத்திலும் உலர் பழச் சுவையிலும் பெரும் பங்கு காண்டி சர்க்கரைப் பாகுக்கு, அதாவது காய்ச்சிக் கறுக்கவைத்த சர்க்கரைக்கு. பெல்ஜியத்துச் சர்க்கரை கரும்பில் வருவதல்ல, பீட் கிழங்கில் வருவது. பிரிட்டனோடு நடந்த போரில் கரும்புச் சர்க்கரை வரத்து அடைபட்டபோது, 1811ல் ஆணை போட்டு பீட் சாகுபடியைப் பரப்பியவர் நெப்போலியன். துறவிகளை விரட்டிய புரட்சியின் வாரிசு, அவர்கள் பீருக்கு நிறம் கொடுக்கும் பொருளுக்கும் வழிசெய்துவிட்டுப் போனார். சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும். மணமும் நிறமும் மிஞ்சும், பிசுபிசுப்பு மிஞ்சாது. இனிப்பு காட்டிவிட்டு வறட்சியாக முடிவதன் ரகசியம் இதுதான்.

வாழைப்பழமும் கிராம்பும் யாரும் போட்டவை அல்ல, ஈஸ்ட் தானே செய்பவை. வெஸ்ட்மாலெவின் ஈஸ்டுக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. வெஸ்ட்ஃப்ளேட்டரன், ஆஹெல் மடங்களும் அதைத்தான் வாங்கிக் காய்ச்சின. மடங்களுக்குள் இப்படி ஒரு உறைமோர் உறவு!

ஆஹெல் என்ற பெயரில்தான் என் நண்பனின் ஆயிரம் வருடம் உண்மையாகவே இடறுகிறது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் அந்த மடத்தின் காய்ச்சும் கலங்களைச் செம்புக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போனது சுமார் 700 கிலோ. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அங்கே பீர் இல்லை. 1998ல் மறுபடி தொடங்கினார்கள். பழுப்பு டுப்பெல் ஒன்றும் வந்தது. 2021ல் அங்கே குடியிருந்த துறவிகள் என்று யாரும் மிஞ்சவில்லை. 'அசல் ட்ராப்பிஸ்ட்' முத்திரை போயிற்று. 2023ல் மடம் தனியார் கைக்கு மாறியது.

அந்த முத்திரைக்கு மூன்று நிபந்தனைகள். பீர் மடத்துச் சுவர்களுக்குள் அல்லது அருகிலேயே, துறவிகளாலோ அவர்கள் மேற்பார்வையிலோ காய்ச்சப்பட வேண்டும். மடத்து வாழ்க்கைக்கு அடுத்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும், மிஞ்சியது தர்மத்துக்கும் போக வேண்டும். சுவையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆஹெலில் அதே செய்முறை, அதே ஈஸ்ட், அதே தண்ணீர் இருந்தாலும், பிரார்த்தனைக்கு எழுந்திருக்க ஆள் இல்லை என்றால் அது வேறு பீர்.

முதலில் இது எனக்குச் சடங்காகத்தான் பட்டது. நாக்குக்குத் தெரியாத வித்தியாசம் என்ன வித்தியாசம்? யோசித்தால், இந்தப் பீரில் பழையது அது ஒன்றுதான். செய்முறைக்கு நூறு வயசு. சர்க்கரையும் சட்டமும் நேற்று வந்தவை. கைகளால் உழைத்துத் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று துறவிக்குச் சொன்ன விதிதான் ஆயிரத்தைந்நூறு வருடம் பழையது. அதைக் கிண்ணத்தில் ஊற்ற முடியாது. கடைப்பிடிக்க ஆள் வேண்டும். ஐரோப்பிய மடங்களில் அந்த ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

"என்னண்ணே, பிடிக்கலையா?" என்றான் நண்பன்.

"பிடிச்சிருக்குடா. ஆனா ஆயிரம் வருஷம் இல்ல."

"அப்ப எவ்வளவு?"

"பீருக்கு நூறு. மத்ததுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு தெரியல."

புட்டியில் விட்டுவைத்திருந்த வண்டலை அவன் தன் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டான். "இதுலதான் சத்து இருக்கு" என்றான். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.