ரம்பொடையில் பிறந்த ராசம்மா

கண்டியில் நுவரெலியா பஸ் ஏறினால் கம்பளை, புசல்லாவ தாண்டி ரம்பொட வரும். நீர்வீழ்ச்சி தெரியிற வளைவில் பஸ்ஸே ஒரு பக்கம் சாயிற மாதிரி எல்லாரும் ஃபோனைத் தூக்குவோம். 1923 ஜனவரி 15 அன்று அந்த ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. ருக்மணி தேவி என்று சொல்லிப் பாருங்கள், பழைய சிங்களப் பாட்டு கேட்கிற பெரியவங்க வீட்டில் இருந்தால் உடனே தலையாட்டுவாங்க. முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி அவர்தான்.

மஹய்யாவ லயத்திலேயே வாழ்ந்து முடித்தவங்க போல இருக்கிற எங்க அப்பாயிக்கும் அவரைத் தெரியும். ரேடியோவில் அந்தக் குரல் வந்தால் கையில இருக்கிற வேலையை நிறுத்திடுவாங்க. ஆனால் "அந்தச் சிங்களப் பாட்டுக்காரி" என்றுதான் சொல்லுவாங்க. நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

நினைப்பை மாற்றியது பின்லாந்து. நாடக வரலாறு வாசிக்கும்போது ஒரு கதை வந்தது. 1869 மே 10, ஹெல்சிங்கி. அந்த நாட்டில் பெரும்பான்மை மக்கள் பேசியது பின்னிஷ் மொழி, ஆனால் படித்தவர்களின் மொழியும் மேடையின் மொழியும் சுவீடிஷ். அன்று அலெக்ஸிஸ் கிவி எழுதிய 'லேயா' என்ற நாடகத்தைக் கார்லோ பெர்க்பொம் பின்னிஷ் மொழியில் மேடையேற்றினார். பின்னிஷ் நாடகத்தின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். லேயாவாக நடித்தவர் சார்லொட் ரா என்ற சுவீடன் நாட்டு நடிகை. பின்னிஷ் அவர் பேசி வளர்ந்த மொழி இல்லை, வேடத்துக்காக வசனத்தைப் பாடம் செய்து பேசினார். மூன்று வருஷம் கழித்து, 1872இல், பெர்க்பொம் பின்னிஷ் மொழிக்கென்றே ஒரு நாடகக் குழுவை ஆரம்பித்தார். பிறகு இடா ஆல்பெரி மாதிரி அந்த மண்ணின் பெரிய நடிகைகள் வந்தார்கள். ஆனாலும் முதல் குரல் வெளியிலிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைப்பதில்லை.

சரி, இங்கே?

1947 ஜனவரி 21. கொழும்பு கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் 'கடவுனு பொரொந்துவ' திரைக்கு வந்தது. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம், தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சின்ஹா, வங்காளி. படம் பிடித்த இடம் மதுரை, நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. கதை நீர்கொழும்புக்காரரான பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவுடையது. அவருடைய மினர்வா நாடகக் குழு மேடையில் ஓட்டிக்கொண்டிருந்த நாடகத்தைத்தான் மதுரைக்குக் கொண்டுபோய்ப் படமாக்கினார்கள். கதாநாயகி ரம்பொடையில் பிறந்த ராசம்மா. சிங்கள சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் எத்தனை ஊர் பாருங்கள்.

அவர் அன்று புதுமுகமும் இல்லை. சின்ன வயசிலேயே 'ராமாயணய' நாடகத்தில் சீதையாக மேடை ஏறியவர். 1939இல் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து பாடிய முதல் இசைத்தட்டு வந்தது. அது புத்தகயாவைப் பற்றிய பாட்டு. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் பாடிய பௌத்தப் பாட்டு! இது அவரோடு நின்றுவிடவும் இல்லை. வெசாக் வந்தால் கண்டி டவுன் முழுக்க மொஹிதீன் பேக்கின் குரல் கேட்குமே, அவர் சேலத்தில் பிறந்த முஸ்லிம்.

டெய்சி ராசம்மா ஏன் ருக்மணி தேவி ஆனார்? தமிழ்ப் பெயரை மறைக்கத்தான் என்று எழுதிவிட்டு, பிறகு அந்த வரியை வெட்டினேன். ஏனென்றால் ருக்மணி தேவி சிங்களப் பெயரே இல்லையே. மறைக்கிறதென்றால் ஒரு சோமாவதியோ குசுமாவோ ஆகியிருக்கலாம். அந்தக் காலத்துச் சிங்கள மேடை இந்திய நாடகத்தையும் இந்திய மெட்டையும் பார்த்து வளர்ந்தது. அங்கே இந்தியப் பெயருக்கு ஒரு மவுசு இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்போ தமிழோடு ஒட்டியிருப்பது பாரமாக இருக்கவில்லை. பாரமானது பிறகுதான்.

இன்னொன்றையும் சொல்லவேணும். அவர் கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தவர். குடிசன மதிப்பீட்டில் இன்று அவர்கள் தனி இனம். அதனால் அவரைத் தமிழர் என்று சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். "எங்க ஆளு" என்று கொடி பிடிப்பது என் நோக்கம் இல்லை. அவர் எந்தப் பெட்டிக்குள்ளும் சரியாக அடங்கவில்லை, முதல் சிங்களக் கதாநாயகியே அப்படி ஒருவர் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

பாரம் எப்போது வந்தது? ஒரு வருஷத்தைக் காட்டு என்றால் 1956 என்பேன். தனிச் சிங்களச் சட்டம் வந்த வருஷம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' ஓடியதும் அதே வருஷம். ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, கிராமத்தில் வைத்துப் பிடித்த படம். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் புகழும்போது அதற்கு முந்திய படங்களை எல்லாம் "தென்னிந்திய நகல்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற பழக்கமும் வந்தது. அந்த நகல்களில் மட்டமானவை நிறையவே இருந்தன. ஆனால் மட்டம் என்பது வேறு, தென்னிந்தியா என்பது வேறு. அதே லெஸ்டரின் 'சந்தேசய' (1960) படத்துக்குக் காசு போட்டவர் கே. குணரத்தினம் என்ற தமிழர்.

மேடையிலும் இதே சிக்கல்தான். அதே 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' வந்தது. அது எடுத்துக்கொண்ட நாடகம் என்ற வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. பிறகு பேராதனையிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் போட்டார். மாணவராக இருந்த மௌனகுரு இராவணனாக ஆடினார். அதைத் தனியாகத்தான் எழுதவேணும்.

எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவரும் நம்ம ஊரில் இருந்தார். தர்மசேன பத்திராஜ, 1943இல் கண்டியில் பிறந்தவர், தர்மராஜவில் படித்தவர், பேராதனைப் பட்டதாரி. யாழ்ப்பாண வளாகத்தில் சிங்களம் படிப்பிக்கப் போனவர், அங்கே 'பொன்மணி' என்று ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். 1977இல் வந்தது. எழுத்து காவலூர் இராஜதுரை. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேராகப் பார்க்கிற படம். எம்ஜிஆர், சிவாஜி படங்களுக்குப் பழகிய ரசிகர்களுக்கு அது ஒத்துவரவில்லை, தியேட்டரில் ஓடவில்லை. ஒரு சிங்கள ஆள் வந்து நம்ம சாதியைப் பேசுறதா என்ற எரிச்சலும் அதில் கலந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். பின்லாந்துக் கதைக்கு இவர்தான் கிட்டத்தில் வருகிறார். சார்லொட் ரா பலமுள்ள மொழியிலிருந்து பலம் குறைந்த மொழிக்கு வந்தவர். பத்திராஜவும் அப்படித்தான். ராசம்மா போனது மறுபக்கமாக, அந்தப் பக்கம் போகிறவருக்கு வரவேற்பும் பெரிசு, இழப்பும் பெரிசு.

1978 அக்டோபர் 28 அன்று, இசை நிகழ்ச்சி ஒன்று முடித்துத் திரும்பும் வழியில், ஜாஎல பக்கம் துடெல்லவில் நடந்த கார் விபத்தில் ருக்மணி தேவி இறந்தார். இறுதிச் சடங்குக்கு நீர்கொழும்பில் சனம் அலைமோதியது. இன்று அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. சிங்கள ரசிகர்கள் அவரை மறக்கவே இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஐந்து வருஷம் கழித்து 1983 ஜூலை. ஹெந்தலையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதோடு போனவை சிங்களப் படச் சுருள்கள். எரித்தவர்கள் தங்கள் சினிமாவையே எரித்தார்கள். 'சிறிபதுல' என்ற பக்திப் படத்தைச் சிங்களத்தில் எடுத்த இயக்குநர் கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்ம பக்கமும் சுத்தமில்லை. இலங்கைத் தமிழ் சினிமா வரலாறு என்று எழுதினால் 'சமுதாயம்', 'தோட்டக்காரி', 'வாடைக்காற்று' என்று தமிழில் வந்த படங்களை மட்டும் எண்ணுகிறோம். நாயகம், குணரத்தினம், வெங்கட், ருக்மணி தேவி எல்லாரும் "அது சிங்கள சினிமா" என்ற ஒரு வரியில் வெளியே நிற்கிறார்கள். அங்கேயும் அடிக்குறிப்பு, இங்கேயும் அடிக்குறிப்பு.

இதை எல்லாம் வாசித்த அன்று இரவு அப்பாயியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பாட்டுக்காரி ரம்பொடையில் பிறந்தவங்க, உண்மைப் பெயர் ராசம்மா என்று. நம்பவில்லை. ஃபோனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரைக்கும் கேட்டாங்க.

"ராசம்மாவா? நம்ம லயத்திலயே மூணு ராசம்மா இருந்தாளுக" என்றாங்க. பிறகு, "இன்னொருக்காப் போடு."