ஒற்றைத் தாளில் எழுந்த கட்டடங்கள்

விரித்தால் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டைக்குக் கட்டடக்கலையோடு நெருங்கிய உறவு உண்டு. டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரும் கட்டடக் கலைஞருமான மசஹிரோ சதானி 1980களின் தொடக்கத்தில் இதைத் தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தார். ‘ஓரிகாமிக் ஆர்க்கிடெக்சர்’ என்று அதற்குப் பெயர். ஒரே தாள், பசை கிடையாது. நடு மடிப்பின் குறுக்கே இரண்டு இணை வெட்டுகள் போட்டு, இடையிலுள்ள பட்டையை முன்னால் தள்ளினால் ஒரு படி பிறந்துவிடும். எளிமையே இதன் அழகு. அட்டையைச் செங்கோணத்தில் திறக்கும்போது தளமும் சுவரும் தாமே நிமிரும்.

தொடக்கத்தில் கூரிய கத்திதான் கருவி. ஒரு கோடு பிசகினாலும் தாள் முழுதும் வீண். இப்போது கணினி வரைபடத்தின்படி வெட்டும் இயந்திரம் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது; மடிப்புக் கோடுகளையும் புள்ளி புள்ளியாகக் கீறித் தருகிறது. மடிப்பது மட்டும் இன்னும் விரல்களின் வேலைதான்.