தொலைக்காட்சித் திரையில் கருப்புப் பட்டைகள் தோன்றுவது ஏன்?

அகலத்திரைத் தொலைக்காட்சியில் திரைப்படம் பார்க்கும்போது, படத்தின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் தோன்றுவது வழக்கம். பழைய தொடர்கள் ஒளிபரப்பாகும்போது அதே பட்டைகள் இடப்புறமும் வலப்புறமும் காணப்படுகின்றன. இதனைத் தொலைக்காட்சியின் கோளாறு எனக் கருதுவோர் உண்டு. ஆனால் படம் வெட்டப்படாமல் முழுமையாகக் காட்டப்படுகிறது என்பதற்கான அடையாளமாகவே பெரும்பாலும் இப்பட்டைகள் அமைகின்றன.

விகித வேறுபாடு

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே இதற்குக் காரணம். மௌனப்படக் காலத்தில் திரைப்படங்கள் ஏறத்தாழ 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டன. பின்னர் வந்த தொலைக்காட்சியும் அதையே பின்பற்றியது. தொலைக்காட்சியின் வரவால் அமெரிக்கத் திரையரங்குகளில் கூட்டம் குறைந்ததை அடுத்து, ரசிகர்களை மீண்டும் ஈர்க்க அகன்ற திரைகள் அறிமுகமாயின. 1953-ஆம் ஆண்டு வெளியான 'தி ரோப்' முதல் சினிமாஸ்கோப் திரைப்படமாகும். இந்தியாவில் குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்' (1959) முதல் சினிமாஸ்கோப் படமாக அமைந்தது. தமிழில் 1973-இல் வெளியான 'ராஜராஜ சோழன்' அப்பெருமையைப் பெற்றது.

இன்றைய தொலைக்காட்சிகளின் 16:9 விகிதத்தை 1980-களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் முன்மொழிந்தார். பழைய 4:3 படத்துக்கும் சினிமாஸ்கோப் படத்துக்கும் இடைப்பட்ட வடிவம் இது. இதனால் இரு வகைப் படங்களுமே திரையில் முழுமையாகப் பொருந்துவதில்லை. 2.39:1 விகிதத்தில் எடுக்கப்பட்ட படத்தைக் காட்டும்போது திரையின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு கருப்பாக இருக்கும். 4:3 படத்தில் திரையின் அகலத்தில் கால் பங்கு கருப்பாகும்.

திரையை நிரப்பினால் என்ன இழப்பு?

ரிமோட்டில் உள்ள 'ஜூம்' வசதி மூலம் பட்டைகளை நீக்க முடியும். ஆனால் அவ்வாறு செய்தால் 2.39:1 படத்தின் இருபுறங்களிலும் சேர்த்து கால் பங்கு காட்சி வெட்டப்படும். சட்டகத்தின் இரு ஓரங்களிலும் நின்று பேசும் கதாபாத்திரங்கள் பாதி மறைந்துவிடக்கூடும். பழைய 4:3 தொலைக்காட்சிகளுக்காகத் திரைப்படங்கள் வெட்டப்பட்ட காலத்தில், அகலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் பறிபோனது.

1987-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ராமாயணம்' போன்ற 4:3 தொடர்களைப் பெரிதாக்கினால், மேலும் கீழும் சேர்த்து கால் பங்கு மறையும். வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால், முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும்.

எப்போது சரிசெய்ய வேண்டும்?

எல்லா அலைவரிசைகளிலும் இருபுறமும் பட்டைகள் தோன்றினால், செட்-டாப் பாக்ஸ் 4:3 அமைப்பில் இருக்க வாய்ப்புண்டு. அதனை 16:9-க்கு மாற்ற வேண்டும்.

நான்கு புறமும் பட்டைகள் சூழ்ந்திருந்தால், அகலமான படம் 4:3 சட்டகத்துக்குள் பட்டைகளுடன் சேர்த்துப் பதிவு செய்யப்பட்டு, அப்படியே ஒளிபரப்பாகிறது எனக் கொள்ளலாம். இத்தகைய தருணத்தில் மட்டும் 'ஜூம்' பயன்படுத்தினாலும் படத்தில் பெரிய இழப்பு ஏற்படாது.

அமைப்பு சரியாக உள்ளதா என்பதை அறிய எளிய வழி உண்டு. காட்சியில் வரும் கடிகாரம், சக்கரம் போன்றவை நீள்வட்டமாகத் தெரியாமல் வட்டமாகவே தெரிந்தால், படம் இழுக்கப்படவில்லை என்று பொருள். அதன் பின்னரும் மேலும் கீழும் பட்டைகள் இருந்தால், அவற்றை அவ்வாறே விட்டுவிடுவதே படத்தை முழுமையாகப் பார்க்க உகந்த வழியாகும்.