பாட்டி வளர்த்த பிள்ளை

இராஜபாளையத்தில் பி.எஸ்.கே. நகருக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்காமல் சொல்வார். அந்த எழுத்துகளுக்கு உரியவர் யார் என்று கேட்டால் இன்றைய பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியவில்லை.

பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ல் நம் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். சிறு வயதிலேயே தந்தையும் போய்விட்டார். தாயும் தந்தையுமாக நின்று அவரை வளர்த்தது பாட்டிதான். அவர் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்லும் நாம் அந்தப் பாட்டியை விட்டுவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தையும் சுமந்துகொண்டு பேரனை ஆளாக்கிய மூதாட்டிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் வளர்த்த பிள்ளைதான் பின்னாளில் சென்னை மாகாணத்தை ஆண்டது.

காந்தியடிகளின் வழியில் காங்கிரசுக்கு வந்தார், சிறை சென்றார். 1946-ல் பிரகாசம் மந்திரிசபையில் மந்திரியானார். 1949 ஏப்ரல் 6-ல் ஓமந்தூராருக்குப் பின் மாகாணப் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து விருதுநகர்க்காரரான காமராஜரின் ஆதரவு அவருக்கு இருந்தது.

1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவர். ஆகவே குடியரசு இந்தியாவில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் நம் ஊர்க்காரர். அன்றைய சென்னை இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரம், மலபார், தென்கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவருக்கு அது தோதாகவே இருந்திருக்கும்.

லேசான காலம் அல்ல அது. சேத்தூர், சிவகிரி ஜமீன்களைக் கண்ட நம் பகுதிக்கு ஜமீன் ஒழிப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1948-ல் வந்த அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இவர் ஆட்சியின் தலையில் விழுந்தது. 1951-ல் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இட ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

அடுத்து 1952 பொதுத்தேர்தல். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. முதலமைச்சரே தோற்றுப்போனார். ஏப்ரலில் ராஜாஜி பதவி ஏற்றார். பிறகு 1954 முதல் 1956 வரை ஒரிசா ஆளுநராக இருந்துவிட்டுத் திரும்பினார். 1957 மார்ச்சில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. தன் சொந்த வீட்டை அவர் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஒரு பெரியவர் கண்ணை மூடியதும் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். காரியம் முடியும், சுவரில் படம் ஏறும், சில வருடங்களில் பாகப்பிரிவினை வரும். முற்றம் வைத்த வீடு இரண்டாகும், பிறகு கடையாகும். மூன்றாம் தலைமுறைக்குப் படத்தில் இருப்பவர் பெயரே தெரியாது. அவர் வீட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. தன் வாசலை ஊருக்குத் திறந்து வைத்தார். பேச்சு கேட்கவும் பாட்டு கேட்கவும் அங்கே போய் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரு வகையில் அவர் வீட்டு விருந்தாளிகள்தான்.

எல்லாராலும் வீட்டைக் கொடுக்க முடியாது. ஆனால் விவரத்தைக் கொடுக்கலாம். உங்கள் பாட்டியின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், யாரை யாரை வளர்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி அதன் பின்பக்கம் பெயரையும் வருஷத்தையும் குறியுங்கள். திதிக்குப் பேரன் பேத்திகள் வரும்போது, இலை போடுவதற்கு முன் பத்து நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நமக்குப் பின் இதைச் சொல்ல ஆள் இல்லை.