வளவும் முதுமையும்: கிழக்கிலங்கையின் சீதன வீடுகள்

பெற்றோர் மகனுடைய வீட்டில்தான் முதுமையைக் கழிக்க வேண்டும் என்பதை இஸ்லாமிய மரபென்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் வரலாறு வேறு. அங்கே மணமான ஆண், மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறான். அயலிலுள்ள தமிழ் இந்துக்களிடமும் இவ்வழக்கம் உண்டு. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இதன் சாயலைக் காணலாம்.

மூத்த மகளின் நிக்காஹின்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுப்பர். பின்னர் அதே வளவிலோ அருகிலோ மற்றொரு வீடு கட்டி, ஏனைய பிள்ளைகளோடு குடிபெயர்வர். அதுவும் அடுத்தவளுக்குப் போகும். இறுதியில் இளைய மகளோடு தங்குவர். அல்லது வளவின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டில் ஒதுங்குவர். அந்த வயதில் உம்மா, வாப்பா பெயரில் வீடென்று எதுவும் எஞ்சியிராது. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கென 1931ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், பங்கிட வீடு மிஞ்சுவதில்லை. பிள்ளைகளுக்கு வழங்கும் கொடையில் நீதி வேண்டும் என்ற நபிமொழியின் முன் இவ்வழக்கம் விடை சொல்லியாக வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். சுமையும் சிறிதன்று: மகளுக்கோ தங்கைக்கோ வீடு கட்டுவதற்காகவே கடல் கடந்தோர் பலர்.

ஆயினும் உடைமையற்ற அம்முதியோர் தனித்துக் கிடக்கவில்லை. ஒரு மகள் வீட்டில் அடுப்பு எரியாவிடினும், வேலிக்கு அப்பால் மற்றொருத்தி இருந்தாள். வந்து சேர்ந்தவர் மருமகனே ஆதலால், மாமியார் அவ்வீட்டில் விருந்தாளியாகவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கரையோரத்தில் நெருங்கியிருந்த வளவுகளை வாரிச் சென்றது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டுவதற்கு அரசு தடை விதித்தது. தடை பின்னர் தளர்ந்ததெனினும், அதற்குள் பல குடும்பங்கள் கரையைவிட்டு விலகிய குடியிருப்புகளை நோக்கி நகர்ந்திருந்தன. புது வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கப்பட்டன. அவ்வாறு பதிவானவர் பெரும்பாலும் கணவரே. தாய் மகளுக்குக் கொடுத்த வீடு, மருமகன் பெயரில் திரும்பி வந்தது. அடுத்தடுத்து வாழ்ந்த சகோதரியர் வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பிரிந்த இடங்களில், யாரோடு போவதென்று மூத்தோர் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. போன வீட்டின் உறுதியில் அவர்கள் பெயரும் இல்லை, மகள் பெயரும் இல்லை. வேலிக்கு அப்பால் மற்றொரு மகளும் இல்லை.