ஊளையிட்ட ஆம்ப்ளிபயர்

1947-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் டி. டி. என். வில்லியம்ஸன் என்ற இளம் எஞ்சினியர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றின் படமும் விளக்கமும்தான் விஷயம். ஆனால் எந்தத் தொடர்கதையும் அத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திராது.

யுத்தம் முடிந்து இரண்டே வருஷம். பட்டாளம் கழித்துப்போட்ட ரேடியோ சாமான்கள் மலிவாகக் கிடைத்தன. புது இசைத்தட்டுகளில் பதிவாகியிருந்த நுட்பமான ஒலிகளைப் பழைய பெட்டிகளால் காதுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆகவே சங்கீதப் பித்தர்கள் சமையலறை மேஜையில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை முடிந்தது, சுவிட்சைப் போட்டார்கள். வால்வுகள் குங்குமப் பொட்டுப் போல் சிவந்தன. அரை நிமிஷம் கழித்து ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியது சங்கீதமா? ஊளை!

ஏன் என்று தெரிய, இருபது வருஷம் பின்னால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். டெலிபோன் குரல் கண்டத்தைக் கடக்க வழிநெடுகப் பல ஆம்ப்ளிபயர்கள் தேவை. ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் சிதைத்தால் கடைசியில் மிஞ்சுவது கூச்சல்தான். பெல் ஆராய்ச்சிசாலையின் ஹெரால்டு பிளாக் பல வருஷமாக இதே கவலையாக இருந்தார். 1927 ஆகஸ்டு 2-ந் தேதி காலை, ஹட்ஸன் நதியைப் படகில் கடக்கும்போது வழி தோன்றியது. வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மறுபடி வாசலுக்கே அனுப்பிவிடுவது! பலம் குறையும், ஆனால் சேர்ந்த குற்றமும் அதனோடு கழிந்துபோகும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே எழுதிவைத்தார். கஷ்டப்பட்டுப் பெருக்கியதை வேண்டுமென்றே குறைப்பதாவது என்று அதிகாரிகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்; 1928-ல் கேட்ட பேட்டண்ட் 1937-ல்தான் கிடைத்தது.

வில்லியம்ஸன் இந்த யுக்தியைத்தான் தாராளமாகக் கையாண்டார். கடைசி டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கம்பி முதல் வால்வுக்குத் திரும்பி வரும். அந்த டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகள் இடம் மாறினால், தலைகீழாக வரவேண்டியது நேராக வந்து சேரும். கழிய வேண்டியது கூடும். கூடியது மேலும் கூடும். அதுதான் ஊளை. மருந்து சுலபம்: இரண்டு முனைகளையும் மாற்றிப்போட வேண்டியதுதான். ஆனால் சுவிட்சை அணைத்தவுடன் கையை விட்டால் ஆபத்து. 450 வோல்ட் ஏறிய கண்டென்சர் அணைத்த பிறகும் கடிக்கும்.

சத்தம் போடாத வியாதிதான் பொல்லாதது. மட்டமான டிரான்ஸ்பார்மரில், காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயியில், ஒலி தாமதித்து வரும். தாமதித்ததால், தலைகீழாக அனுப்பியதே நேராகிவிடும். காதில் ஊளை விழாது. ஆனால் வால்வுகள் அநியாயமாகச் சுடும். பாட்டில் கரகரப்புத் தட்டும். கோளாறு அடி ஸ்தாயியில் இருந்தாலோ ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கொல்லன் துருத்தி மாதிரி மெதுவாக விம்மித் தணியும். பாவம், மனிதர் வால்வை மாற்றுவார், கண்டென்சரை மாற்றுவார், பணம் கரையும். திரும்பி வரும் அந்த ஒரு கம்பியைக் கழற்றிப் பார்த்தால் போதும். கோளாறு உடனே நின்றால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

இதற்கு வில்லியம்ஸனைக் குறை சொல்வது நியாயமல்ல என்பது என் கட்சி. பல அடுக்குகளாகச் சுற்றிய உயர்ந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் 1949-ல் மறுபடி எழுதினார். முதல் வால்வின் அருகே ஒரு சிறு ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் சேர்த்துக்கொள்ளும்படி புதுப் படத்தில் காட்டினார்.